அண்ணனுக்கு, போர்ட்லண்டின் இரண்டு சென்டர் ஆட்டக்காரர்களைப் பற்றி

ஹில்ஸ்பரோ, ஆரிகன்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அங்கே அம்மா, அண்ணி, பிள்ளைகள் நலமா? அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் மனது நிம்மதியானது.

இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. நம்மூர் மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த இருட்டில் இந்த ஊரைப் பிடித்து வைத்திருப்பது பாஸ்கெட்பால்தான். மேக்ஸ் ரயிலில் ரோஸ் குவார்ட்டரில் இறங்கினால் பக்கத்திலேயே மோடா சென்டர் அரங்கம். போர்ட்லண்ட் அணியான பிளேசர்ஸ் ஆடும் நாளில் பெட்டி முழுக்கச் சிவப்பு, கறுப்பு ஜெர்சிதான். கோடையில் பெரியகுளம் டோர்னமென்ட் பார்க்க நாம் போவோமே, அந்த மாதிரிக் கூட்டம் அமெரிக்காவிலும் இருக்கிறது.

போன கடிதத்தில் உங்கள் டீமில் இருக்கும் அந்த உயரமான பையனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது என்கிறான், ஆனாலும் மாநில அணித் தேர்வு முடியும்வரை ஆடிவிடுகிறேன் என்று நிற்கிறான் என்று. அதிலிருந்து எனக்கு இந்த ஊர்க் கதைகள்தான் ஞாபகம் வருகின்றன.

இங்கத்திய பாஸ்கெட்பால் லீக்கான என்.பி.ஏ.வின் டிராஃப்ட் உங்களுக்குத் தெரிந்ததுதான், புது வீரர்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுப்பது. 1984-இல் ஹூஸ்டன் முதலில் ஒலாஜுவானை எடுத்தது. இரண்டாவது வாய்ப்பு போர்ட்லண்டுக்கு. அவர்கள் எடுத்தது கென்டக்கி பல்கலைக்கழகத்தின் சாம் பூவி என்ற, கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடும் ஏழடி சென்டரை. மூன்றாவதாக சிகாகோ எடுத்தது மைக்கேல் ஜோர்டானை. நாற்பது வருடம் ஆகியும் என் ஆபீஸில் இருக்கும் பெரியவர் ஒருவர் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். ஆனால் அன்றைய கணக்கில் அது அப்படியொன்றும் முட்டாள்தனம் இல்லை, அண்ணா. முந்தின வருடம்தான் க்ளைட் டிரெக்ஸ்லரை எடுத்திருந்தார்கள். ஜோர்டான் ஆடும் இடத்தில் அவர் இருந்தார். அணிக்கு வேண்டியது சென்டர். நீங்களாக இருந்தாலும் உயரமான பையனைத்தான் எடுத்திருப்பீர்கள்.

சிக்கல் பூவியின் காலில் இருந்தது. இடது கால் முன்னெலும்பில் விரிசல் விழுந்து, கல்லூரியில் இரண்டு சீசன் முழுக்க ஆடாமல் இருந்தவர் அவர். போர்ட்லண்ட் டாக்டர்கள் மணிக்கணக்காகச் சோதித்தார்கள். சின்னச் சுத்தியலால் அந்த எலும்பில் தட்டி வலிக்கிறதா என்று கேட்டபோது, ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னாராம். உள்ளுக்குள் வலித்தது என்பதைப் பல வருடம் கழித்து 2012-இல் அவரே ஓர் ஆவணப்படத்தில் சொன்னார். குடும்பத்துக்காக அப்படிச் சொன்னதாகவும் சொன்னார். அவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அந்த வயதில், வாசல் வரை வந்த வாழ்க்கையை யார் திருப்பி அனுப்புவார்கள்?

முதல் வருடம் 76 ஆட்டம் நன்றாகவே ஆடினார். அப்புறம் கால் எலும்பு திரும்பத் திரும்ப முறிந்தது. 1987-88 சீசனில் ஓர் ஆட்டம்கூட இல்லை. போர்ட்லண்டுக்கு அவர் ஆடியது மொத்தம் 139 ஆட்டம்.

அதே ஊருக்கு அதே விதி இன்னொரு முறை வந்தது. 2007-இல் டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்ற குலுக்கலில் போர்ட்லண்டுக்கு முதலிடம் கிடைக்க இருந்த வாய்ப்பு வெறும் 5.3 சதவீதம், ஆனாலும் கிடைத்தது. எடுத்தது ஒஹாயோ ஸ்டேட்டின் கிரெக் ஓடனை. அடுத்து சியாட்டில் எடுத்தது கெவின் டுராண்டை. ஓடனின் ஆட்டத்தை நான் பழைய வீடியோக்களில்தான் பார்த்தேன். வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பையன், ஃப்ரீ த்ரோவை இடது கையால் போடுகிறான்! கல்லூரிகளின் தேசிய இறுதிப் போட்டியில் 25 புள்ளி, 12 ரீபவுண்ட். அணி தோற்றது, ஆனால் அவனை நிறுத்த ஆளில்லை. அப்போது 19 வயது.

அந்த செப்டம்பரிலேயே வலது முழங்காலில் அறுவை சிகிச்சை. குருத்தெலும்பு தேய்ந்த இடத்தில் எலும்பில் நுண்துளைகள் போட்டு, அங்கே புதிதாகத் திசு வளர வைக்கும் வைத்தியம். முதல் சீசன் முழுக்கப் போயிற்று. 2009 டிசம்பரில் ஹூஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் ஒரு ஷாட்டைத் தடுக்க எழும்பியபோது இடது முழங்கால் சில்லு உடைந்தது. அதற்குப் பிறகு அந்தக் காலிலும் இரண்டு முறை அதே நுண்துளை வைத்தியம். 2012-இல் அணி விடுவித்தது. போர்ட்லண்டுக்கு அவர் ஆடியது 82 ஆட்டம், அதாவது சரியாக ஒரு சீசன் அளவு.

இவர்களைப் புஸ்வாணம் என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஆடத் தெரியாமலா போனார்கள்? ஏழடி உடம்பு ஒவ்வொரு முறையும் குதித்து இறங்கும்போது அந்தப் பாரம் எங்கே போய் விழும் என்று நீங்கள்தானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்.

ஓடன் பிறகு படிப்பை விட்ட இடத்தில் தொடர்ந்து 2019-இல் பட்டம் வாங்கினார். 1972-இல் இதே அணி முதலாவதாக எடுத்த லாரூ மார்ட்டின் என்பவரும் நாலே சீசனில் நின்றுபோனவர். அவர் யூ.பி.எஸ். என்ற பார்சல் கம்பெனியில் வண்டி ஓட்டத் தொடங்கி மேலாளராக உயர்ந்தார். இவர்கள் எழுந்து நின்றது எனக்கு அவ்வளவு மரியாதையாக இருக்கிறது.

அண்ணா, அந்தப் பையனைக் கொஞ்ச நாள் உட்கார வையுங்கள். வலி இல்லை என்று அவன் சொன்னாலும் நம்பாதீர்கள். தேனியில் நல்ல எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டால் விட்டுவிடாமல் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள், ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. அவன் வீட்டில் செலவுக்கு யோசிப்பார்கள். பணம் இந்த வாரமே உங்கள் கணக்குக்கு அனுப்புகிறேன். மாநிலத் தேர்வு அடுத்த வருடமும் வரும். டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே போன் பண்ணுங்கள், இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை.

அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் அன்பு.

உங்கள் தம்பி