செக் ஒருத்தர் பேரில், காசு இன்னொருத்தருக்கு

மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் இந்தத் தடவையும் நிலத்துக்காரர் கணக்குக்குத்தான் போனது, அதை அவரே சென்னையிலிருந்து உனக்குப் போன் போட்டுச் சொன்னார் என்று எழுதியிருந்தாய். கோபம் வந்தாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பட்டா யார் பேரிலோ அவருக்குத்தான் பணம் என்றால் குத்தகைக்கு உழுகிறவன் எங்கே போவான்?

அங்கே அமெரிக்காவில் விவசாய மானியம் எப்படி என்று கேட்டாய். நான் இருக்கும் இல்லினாய் மாநிலத்து மெக்லீன் கவுண்டியில், நம் கணக்கில் ஒரு மாவட்டம் என்று வைத்துக்கொள், பார்க்கிற பக்கமெல்லாம் மக்காச்சோளமும் சோயாவும்தான். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொந்த நிலம் கொஞ்சம், மீதி குத்தகை. ஜூலை 15-க்குள் கவுண்டி விவசாய அலுவலகத்தில் போய் எந்த வயலில் என்ன போட்டார் என்று பதிய வேண்டும். மேலிருந்து எடுத்த வயல் படம் தருகிறார்கள், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நம்பர், அதன்மேல் பேனாவால் பயிரையும் விதைத்த தேதியையும் எழுதுகிறார். நம்ம வி.ஏ.ஓ. அடங்கலேதான்!

வேடிக்கை என்னவென்றால், மானியம் அந்தப் பயிரைப் பார்த்து வருவதில்லை. ‘பேஸ் ஏக்கர்’ என்று ஒன்று, அந்த நிலத்தில் பல வருடங்களுக்கு முன்னால் என்ன போட்டார்கள் என்ற பழைய கணக்கு, அதில் 85 சதவீதத்துக்குத்தான் பணம். இந்த வருடம் முழுக்க சோயா போட்டிருந்தாலும் ஏட்டில் மக்காச்சோளம் என்றிருந்தால் மக்காச்சோளக் கணக்குதான். 2014 விவசாயச் சட்டத்தில் வந்த திட்டங்களில் ஒன்று விலை விழுந்தால் தருவது, இன்னொன்று கவுண்டியின் வருமானமே விழுந்தால் தருவது. பின்னதை எடுத்தவனுக்குத் தன் வயல் மட்டும் ஆலங்கட்டி மழையில் போனால் ஒன்றும் தேறாது, அதற்குப் பயிர்க் காப்பீடு தனி. பணம் வருவதோ அறுவடைக்கு அடுத்த வருடம் அக்டோபரில், அதுவரை கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

2018-ல் சீனாவோடு வரிச் சண்டை வந்து சோயா விலை படுத்தபோது தனியாக நிவாரணம் கொடுத்தார்கள். சோயாவுக்கு புஷல் என்ற தானிய அளவுக்கு 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கு 1 சென்ட். ஆமாம், ஒரே ஒரு சென்ட், 25 கிலோ மக்காச்சோளத்துக்கு! மறு வருடம் கவுண்டிக்கு ஒரு ரேட் என்று மாற்றினார்கள், ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 வரை. கவுண்டி எல்லையில் இருந்தவர்கள் பாடு கேட்கவே வேண்டாம், மண்ணும் ஒன்று, மழையும் ஒன்று, ரோட்டைத் தாண்டினால் ரேட் வேறு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ரொக்கக் குத்தகை என்றால் மானியம் உழுகிறவருக்கே வரும், விளைச்சலைப் பங்கு போடும் வாரக் குத்தகையாக இருந்தால் மானியமும் பங்கு பிரியும். அடடா என்று உடனே மூட்டை கட்டாதே. குத்தகையைப் புதுப்பிக்கும்போது நிலத்துக்காரர்கள் இந்தப் பணத்தையும் மனதில் வைத்துத்தான் ரேட் ஏற்றுகிறார்கள். “செக் என் பேரில் வருகிறது, காசு ஃபுளோரிடாவில் இருக்கும் நிலத்துக்காரம்மாவுக்குப் போகிறது” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உன் ஆளாவது நேரடியாக வாங்கிக்கொள்கிறார்!

அப்புறம், நம்ம ஊர் 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏற்ற மனு கொடுக்கப்போவதாகச் சொன்னாயே, கொடுத்தாயா? அதனால் கிசான் பணம் வராது, தெரியும். ஆனால் நாளைக்கு நிலத்துக்காரர் நிலத்தை விற்கிறேன் என்று கிளம்பினால் உன் கையில் ஒரு தாளாவது இருக்கும். சம்பா நடவு முடிந்ததும் எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்