அல்வாவின் வாசமும் ஒரு சிவப்புக் கோடும்

திருநெல்வேலிப் பக்கம் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், டவுனில் அல்வா வாங்கப் போனதைக் கட்டுரையாக எழுதியிருந்தாள். 'தி அல்வா ஸ்மெல்ஸ் குட்' என்ற வரியில் 'குட்' அடிக்கப்பட்டு, மேலே சிவப்பு மையில் 'வெல்' என்று இருந்தது. "வெர்புக்கு அப்புறம் அட்வெர்ப்தான் வரணுமாம்ப்பா" என்றாள். அட்வெர்ப் என்பது செயல் எப்படி நடக்கிறது என்று சொல்லும் சொல், 'வெல்' மாதிரி. 'குட்' அட்ஜெக்டிவ், ஒரு பொருள் எப்படிப்பட்டது என்று சொல்வது. இங்கே அவள் எழுதியதுதான் சரி.

குழப்பம் எங்கே வருகிறது என்று எனக்குப் புரிகிறது. தமிழில் 'நன்றாக மணக்கிறது', 'நன்றாக மோந்து பார்த்தாள்' இரண்டுக்கும் 'நன்றாக' பொருந்தும். வித்தியாசத்தை நாம் வினையிலேயே காட்டிவிடுகிறோம். அல்வா மணக்கும், பிள்ளை மோந்து பார்ப்பாள். முகம் வாட்டமாகத் தெரியும், அம்மா கவலையோடு பார்ப்பாள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ஸ்மெல்', ஒரே 'லுக்'. அதனால் பின்னால் வரும் சொல்தான் பிரித்துக் காட்ட வேண்டும். முகம் 'லுக்ஸ் சேட்'; அம்மா பார்ப்பது 'லுக்ஸ் சேட்லி அட் ஹெர்'.

அந்த வினையை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'தி அல்வா இஸ் குட்' என்று வாக்கியம் நிற்கிறதா? அப்படியானால் அட்ஜெக்டிவ்தான். 'டேஸ்ட்', 'ஃபீல்', 'சவுண்ட்' எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைத் தட்டினால் வரும் ஓசையும் 'சவுண்ட்ஸ் ஸ்வீட்'தான், 'ஸ்வீட்லி' இல்லை.

அதற்காக இந்த வினைகளோடு அட்வெர்ப்பே வரக்கூடாது என்றும் சொல்லிவிட வேண்டாம். நெய் வாசம் தூக்கலாக அடித்தால் 'ஸ்மெல்ஸ் ஸ்ட்ராங்லி ஆஃப் கீ' என்பதுதான் இயல்பு. அங்கே அட்வெர்ப் வாசம் எவ்வளவு என்று சொல்கிறது, அல்வா எப்படிப்பட்டது என்று அல்ல. காய்ச்சல் விட்டுத் தேறி வந்தவரிடம் 'யூ லுக் வெல்' என்பார்கள். அந்த 'வெல்' அட்ஜெக்டிவ், உடம்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். 'யூ லுக் குட்' என்றால் பார்க்க அழகாக இருக்கிறீர்கள் என்றாகும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். வீட்டில் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டாள்.

ஒரு வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரு கொத்து மல்லிகையைக் கையில் கொடுத்து, 'மோந்து பாரு, எப்படி மணக்கு?' என்று தமிழில் கேட்டுவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள். சரியாக எழுதிய பிள்ளைகள் நோட்டில் 'வெல்' போட்டுத் திருத்தியிருந்தால், தயவுசெய்து அந்தச் சிவப்புக் கோட்டை நீங்களே மாற்றிக் கொடுங்கள். என் மகள் இப்போது தெரிந்ததையும் எழுதப் பயப்படுகிறாள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தகப்பன்