புகைபோக்கிக்கு அனுமதி கேட்கும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. உடம்பு தேறி மறுபடி உலை முன்னால் நிற்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் நலம். மகள் வேலை மாறிவிட்டாள், புது இடம் பிடித்திருக்கிறதாம். பேரன் நடக்கத் தொடங்கியதிலிருந்து வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருப்பதில்லை. நான் கட்டட வரைபட வேலையை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். தெரிந்தவர்கள் கேட்டால் மட்டும் பார்த்துக் கொடுக்கிறேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். கொல்லுப் பட்டறைக்குள் கரி உலை வைத்து, கூரைக்கு மேலே புகைபோக்கி எழுப்ப அனுமதி கேட்கப் போகிறாய். பக்கத்து மனையில் மாடி வீடு, பின்பக்கம் இன்னும் இரண்டு வீடுகள். “எவ்வளவு உயரம் போட்டால் ஆட்சேபணை வராது?” என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். உயரம் முக்கியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உன் அளவு பட்டறைக்கு உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தைக் காப்பாற்ற முடியாது. எதை எரிக்கிறாய், எந்த நேரத்தில் பற்றவைக்கிறாய் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. அந்தப் பாதியை விண்ணப்பத்தில் நீயே எழுதிக் கொடுத்துவிடு. நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வருவது அதுதான்.

உயரம் ஏன் போதாது என்று சொல்கிறேன். காற்று ஒரு கட்டடத்தின் மேல் மோதும்போது மேலே ஏறிக் கூரையைத் தாண்டுகிறது. தாண்டியதும் மறுபக்கத்தில் சுழன்று கீழே இறங்குகிறது. குழாயின் வாய் அந்தச் சுழலுக்குள் இருந்தால், வெளியே வந்த புகை அப்படியே தரைக்கு இழுத்து வரப்படும். இதிலிருந்து தப்ப, கட்டடத்தின் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு உயரத்தில் புகைபோக்கி இருக்க வேண்டும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. பெரிய தொழிற்சாலைகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை வைத்திருக்கும் சூத்திரமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது: பக்கத்துக் கட்டடத்தின் உயரத்தோடு, அதன் உயரம் அகலம் இரண்டில் எது குறைவோ அதில் ஒன்றரை மடங்கைக் கூட்டு. உன் பக்கத்து மாடி வீடு 6 மீட்டர் உயரம், அகலம் அதைவிட அதிகம் என்று வை. 6, அதோடு 9, ஆக 15 மீட்டர். ஒரு சின்ன உலைக்கு 15 மீட்டர் குழாய் யார் போடுவார்கள்? போட்டாலும் அதைத் தாங்க இழுவைக் கம்பிகள் வேண்டும். அப்புறம் புகையைவிட அந்தக் குழாயின் தோற்றத்துக்குத்தான் முதல் ஆட்சேபணை வரும்.

உனக்கு யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாயே, கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து 3 அடி, சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி அதிகம் என்று. அந்த விதி உண்மையானதுதான். ஆனால் அது உன் கூரையில் தீப்பிடிக்காமல் இருக்கவும், உன் உலை சரியாக இழுக்கவும் வந்த விதி. பக்கத்து வீட்டு மாடி ஜன்னலை அது கணக்கில் எடுப்பதில்லை. அதைக் காட்டி, விதிப்படி போட்டிருக்கிறேன் என்று வாதம் செய்யாதே.

ஆக உன் புகை சில நாள் கீழே இறங்கத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு ஆரம்பி. அதன் பிறகு செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

முதலாவது அந்தத் தொப்பி. மழை இறங்காமல் இருக்கக் குழாய் வாயில் கூம்புத் தகடு கவிழ்க்கிறார்களே, அதை வேண்டாம் என்று சொல்லிவிடு. ஒரு தச்சுப் பட்டறையின் அனுமதி விவகாரத்துக்காக எதிர்வீட்டு மாடியில் நின்று அதை வெகுநேரம் பார்த்திருக்கிறேன். மேலே போக வேண்டிய புகை தகட்டில் முட்டி நாலாபக்கமும் திரும்பியது. வேகம் போய்விட்டதால் ஏறவில்லை. தகரக் கூரையை ஒட்டியே ஊர்ந்து, கூரை முடிகிற விளிம்பில் மொத்தமாகச் சரிந்து, சந்துக்குள் இறங்கி, எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குள் போனது. அந்த வீட்டம்மா ஜன்னல் திண்டை வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துக் காட்டினார். கரி தூளாக இல்லை, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. மரத்தைக் காற்றில்லாமல் புழுங்கவிட்டு எரித்தால் வரும் தார் அது. பட்டறைக்காரர் நல்ல மனிதர்தான். குழாயை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்துகிறேன் என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். தொப்பியைக் கழற்றியதும், காய்ந்த கட்டையை மட்டும் எரிக்க ஆரம்பித்ததும்தான் அங்கே பலன் தந்தன. உயர்த்திய ஒரு மீட்டர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

மழைக்கு என்ன செய்வது என்று கேட்பாய். குழாயின் வாயைச் சுற்றிச் சற்றே பெரிய இன்னொரு குழாயை இடைவெளி விட்டுப் பொருத்துகிற முறை இருக்கிறது. மழைத்துளி நேராக விழுவது அரிது, சாய்ந்துதான் விழும். அதனால் உள்சுவரில் பட்டு அந்த இடைவெளி வழியாக வெளியே வடிந்துவிடும். புகைக்கு மேலே தடை கிடையாது. புகை வெளியேறும் வேகம் காற்றின் வேகத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருந்தால், அது குழாயின் முதுகிலேயே வழிந்து இறங்காமல் மேலே கிளம்பும்.

அடுத்தது சூடு. புகைபோக்கி இழுப்பதே சூட்டினால்தான். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ எடை. 200 டிகிரியில் முக்கால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். இந்த வித்தியாசம்தான் உன் குழாயின் பலம். ஒற்றைத் தகட்டுக் குழாயை வெளிச்சுவரை ஒட்டி ஏற்றினால் போகிற வழியிலேயே புகை ஆறிப்போகும், வாய்க்கு வரும்போது சோர்ந்துவிடும். நடுவில் வெப்பக்காப்பு வைத்த இரட்டைச் சுவர்க் குழாய் போடு. கூடுமானவரை கட்டடத்துக்குள்ளேயே நேராக ஏற்று. முழங்கை வளைவு எதுவும் வேண்டாம். உலைக்கு மேலே பெரிய கூடாரம் மாதிரி தகடு தொங்கவிடாமல், நெருப்புக்குப் பக்கவாட்டில் சின்ன வாய் வைத்து இழுக்கிற அமைப்பைச் செய். மேல் கூடாரம் பட்டறைக் காற்றையெல்லாம் சேர்த்து இழுத்துப் புகையைக் குளிரவைக்கும். பக்கவாட்டு வாய் புகையை மட்டும் சூடாக எடுக்கும். அதற்கு 10 முதல் 12 அங்குலக் குழாய் என்பது கொல்லர்கள் அனுபவத்தில் கண்ட அளவு. ஒல்லியாகப் போட்டுவிட்டு அப்புறம் விசிறி வைத்து இழுக்க நினைக்காதே. கூரை மேல் விசிறி வைத்தால் அதன் ரீங்காரம் ராத்திரி வரை அடுத்த வீட்டுச் சுவரில் கேட்கும். புகையைப் பொறுத்துக்கொண்ட மனிதர்கள்கூட அந்த ஒலிக்காகப் புகார் எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

இனி எரிபொருள். கடிதத்தை இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். பச்சை நிலக்கரியைப் பற்றவைத்த முதல் சில நிமிடங்களில் மஞ்சளும் பச்சையுமாகக் கனத்த புகை வரும், உனக்குத் தெரியாததா? அது எரிந்து கல்கரியாக மாறிய பிறகு புகை ஏறக்குறைய நின்றுவிடும். அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரருக்கு உன் முழு நாள் வேலை தொல்லை கிடையாது. பற்றவைக்கிற நேரமும், நடுவில் புதுக் கரி கொட்டுகிற நேரமும்தான் தொல்லை. கல்கரியோ மரக்கரியோ கொண்டு பற்றவைத்தால் அதுவும் பெரும்பாலும் போய்விடும். எரிவாயு உலையாக இருந்தால் கண்ணுக்குத் தெரிகிற புகையே கிடையாது. உன் வேலையில் எவ்வளவு பங்கை எரிவாயுவில் செய்யலாம் என்று நேர்மையாக யோசித்துப் பார். இரும்போடு இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டுகிற வேலைக்கு உனக்குக் கரிதான் கைவருகிறது என்றால் அதற்கு மட்டும் கரி வைத்துக்கொள்.

புகை தெரியவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. கல்கரியிலும் மரக்கரியிலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பட்டறைக்குள் ஓர் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயம் மாட்டு. துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் வைக்கவே வைக்காதே. வெள்ளைப் புகையாக வருவது துத்தநாக ஆக்சைடு. அதைச் சுவாசித்தால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் மாதிரி அடிக்கும். பழைய பெயின்ட் அடித்த இரும்பும் கூடாது, பெயின்டில் ஈயம் இருக்கலாம். உன் நுரையீரலைக் கெடுப்பதுதான் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நுரையீரலையும் கெடுக்கும்.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தெளிந்த வானம், அசையாத காற்று உள்ள அதிகாலையில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதன் மேல் சூடான காற்றும் அடுக்காக நின்றுவிடும். புகையால் அந்த மூடியைத் தாண்டி ஏற முடியாது. 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் அப்படி நின்ற காற்றால் சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பிந்திய ஆய்வுகள் அதை 12,000 வரை கொண்டுபோயின. வீட்டு அடுப்புகளின் கரிப்புகைக்கும் அதில் பெரும் பங்கு இருந்தது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது அதன் பிறகுதான். உன் ஒற்றை உலை அவ்வளவு செய்யாது. ஆனால் அதே காற்றில்தான் உன் புகையும் நிற்கும். வெயில் ஏறித் தரை சூடான பிறகு பற்றவை.

அனுமதி கிடைத்துவிட்டால் அப்புறம் யாரும் கேட்க முடியாது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் கவலையாகிவிட்டது. திட்ட அனுமதி என்பது அந்தக் குழாயைக் கட்டலாம் என்பதற்கு மட்டும்தான். அடுத்தவருக்குத் தொல்லை கொடுக்கலாம் என்பதற்கு அனுமதி இல்லை. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆனாலும் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2014இல் ஒரு மோட்டார் பந்தய மைதான வழக்கில், திட்ட அனுமதி இருப்பதாலேயே தொல்லை சட்டப்படி சரியாகிவிடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 1879இல் இன்னொன்று: ஒரு மிட்டாய்க்காரர் இருபது வருஷத்துக்கு மேல் உரலில் இடித்துக்கொண்டிருந்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் இருந்த மருத்துவர் சுவரை ஒட்டி நோயாளிகளைப் பார்க்கும் அறை கட்டினார். சத்தம் தாங்கவில்லை என்று வழக்குப் போட்டார், மருத்துவரே வென்றார். நான்தான் முதலில் வந்தேன் என்ற வாதம் அங்கே நிற்கவில்லை. இதைவிடப் பழையது ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரோமானியச் சட்டத் தொகுப்பில், ஒரு பாலாடைக்கட்டிக் கடையின் புகை மேலே இருந்த கட்டடத்துக்குப் போனது பற்றி அரிஸ்டோ என்ற சட்ட அறிஞரிடம் கேட்கிறார்கள். மேல்வீட்டுக்காரர் அந்த உரிமையை விட்டுக்கொடுத்திருந்தால் தவிர, புகையை அங்கே விடக்கூடாது என்கிறார் அவர். கிட்டத்தட்ட 1,900 வருஷத்துக்கு முந்தைய பதில்.

அதனால் விண்ணப்பத்தைப் போடுவதற்கு முன்னால் அந்த மூன்று வீட்டுக்கும் நீயே போ. மனுவின் நகல் அவர்கள் கைக்குத் தபாலில் வந்து சேரும் முன் உன் வாயிலிருந்து கேட்க வேண்டும். மாடி வீட்டுக்காரர் அனுமதித்தால் மேலே ஏறி, அவர் படுக்கையறை ஜன்னலிலிருந்து உன் கூரையைப் பார். வரைபடத்தில் உன் பட்டறையை மட்டும் வரையாதே. பக்கத்து வீடுகளின் உயரத்தையும், ஒவ்வொரு ஜன்னலும் தரையிலிருந்து எவ்வளவு மேலே என்பதையும், குழாயின் வாயிலிருந்து ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரத்தையும் காட்டு. பெரும்பாலான வரைபடங்களில் பக்கத்து வீடு ஒரு வெற்றுக் கட்டமாகத்தான் இருக்கும். முடிவு செய்கிறவர்களுக்குச் சந்தேகம் கிளம்புவதே அந்தக் கட்டத்திலிருந்துதான். வருஷத்தில் எந்தப் பருவத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பதை வானிலை நிலையத்தின் பதிவிலிருந்து எடுத்துச் சேர். குழாயைக் கூரையின் எந்த மூலையில் வைப்பது என்பதை அதுவே பாதி தீர்மானித்துவிடும்.

கூடவே ஒரு பக்கக் குறிப்பு எழுது. என்ன எரிபொருள், எந்தெந்த மணிநேரம், வாரத்தில் எந்த நாள் உலை கிடையாது, குழாயை எப்போது சுத்தம் செய்வாய், தொல்லை என்றால் யாரிடம் சொல்லலாம் என்று. இவற்றை நிபந்தனையாகவே போடுங்கள் என்று நீயே கேள். என் கையை நானே கட்டிக்கொண்டதாகிவிடுமே என்று தயங்குவாய். அவர்களாக நிபந்தனை எழுதினால் உன் வேலை தெரியாமல் எழுதுவார்கள், அதில் நீ மாட்டிக்கொள்வாய். நீ எழுதிக் கொடுத்தது உன்னால் காப்பாற்ற முடிந்ததாக இருக்கும்.

அந்த நிபந்தனைகளைக் காப்பாற்ற முடியாது என்று தோன்றினால், வேறு இடம் பார்ப்பதைப் பற்றி இப்போதே பேசிவிடுவோம். குழாய் எழும்பிய பிறகு பிரிப்பது உனக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

வரைபடத்தின் நகலை அனுப்பு, பக்கத்து வீட்டு ஜன்னல் உயரங்களோடு. குழாயை எங்கே வைக்கலாம் என்று நான் குறித்து அனுப்புகிறேன். தம்பி கல்யாணத்துக்கு எந்தத் தேதி முடிவானது என்று எழுத மறந்துவிட்டாய், அதையும் எழுது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்