லாகின் பதிவேட்டை யாராவது திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓடிபி மோசடி, போலி லிங்க் என்று தினமும் ஒரு செய்தி வருகிறது, கூடவே 'கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று பொதுமக்களுக்கு ஓர் அறிவுரையும் வருகிறது. அது தேவைதான். ஆனால் இணையதளத்தை நடத்துகிறவர்களைப் பார்த்து 'நேற்று ராத்திரி உங்கள் தளத்துக்குள் யார் யார் வந்தார்கள், பார்த்தீர்களா?' என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் மதுரைப் பக்கம் பத்து வருடமாகப் பள்ளிகள், சங்கங்கள், சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு இணையதளம் பராமரித்துக் கொடுக்கிறேன். ஒரு தளத்தில் யார் லாகின் செய்தாலும், செய்ய முயன்று தோற்றாலும், அந்தத் தளம் இயங்கும் கணினியான சர்வரில் ஒரு வரி பதிவாகும். எந்தக் கணக்கு, எந்த நேரம், எந்த ஐபி முகவரி (இணையத்தில் அவர் எங்கிருந்து வருகிறார் என்று காட்டும் எண்), உள்ளே போனாரா இல்லையா என்று அதில் இருக்கும். இதைத்தான் லாக் என்கிறோம், கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வைத்திருக்கும் நோட்டு மாதிரி. 2022 ஏப்ரல் 28 அன்று இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு போட்ட உத்தரவுப்படி இந்த லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் நடந்தது தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். வைத்திருக்கிறார்கள், நான் பார்த்த இடங்களில் ஜிபி கணக்கில் வைத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தவர்தான் இல்லை. பார்க்காதவருக்குத் தாக்குதல் தெரியவரப் போவதே இல்லை, அப்படியென்றால் அந்த 6 மணி நேரக் கணக்கு எப்போது தொடங்கும்?

போன வருடம் ஒரு பணியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்தது. பெயர் வேண்டாம். சுமார் 2,000 உறுப்பினர்கள். கடன் பாக்கி எவ்வளவு, சம்பளத்தில் பிடித்தம் எவ்வளவு, பங்குத்தொகை எவ்வளவு என்று அவரவர் உறுப்பினர் எண்ணைப் போட்டு உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தளத்தைத் தொடங்கியபோது எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல்லைக் கொடுத்து, முதல் தடவை உள்ளே போனதும் மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நிறையப் பேர் மாற்றவில்லை, பலர் ஒரு தடவைகூட உள்ளே போகவே இல்லை. ஐந்து தடவை தப்பாகப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும் என்ற ஏற்பாடு மட்டும் இருந்தது, அது போதும் என்று நிர்வாகத்தில் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

நான் லாக்கை எடுத்து முதலில் வரி வரியாகப் படித்தேன். ஒன்றும் தெரியவில்லை. அங்கே ஒரு தோல்வி, இங்கே ஒரு தோல்வி, நடுவில் நிறைய வெற்றி, எந்தத் தளத்திலும் இருப்பதுதான். அப்புறம் அதையே எக்ஸெலில் ஏற்றிப் படமாகப் போட்டேன். இடமிருந்து வலமாக நாளும் நேரமும், கீழிருந்து மேலாக உறுப்பினர் எண், ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு புள்ளி, தோல்வி என்றால் ஆரஞ்சு, வெற்றி என்றால் நீலம். உறுப்பினர்கள் இயல்பாக வந்து போயிருந்தால் புள்ளிகள் தூறல் விழுந்த தரை மாதிரி சிதறிக் கிடக்கும், பகலில் நெருக்கமாக, ராத்திரியில் ஒன்றிரண்டாக. அந்தச் சிதறலுக்கு நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி ஒரு சாய்கோடு, கீழ்மூலையில் தொடங்கி மேல்மூலை வரைக்கும் நேராகப் போனது. யாரோ ஒருவர் 1, 2, 3 என்று உறுப்பினர் எண் வரிசையில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண் வீதம், ராத்திரி பகல் இடைவிடாமல், அந்தத் தொடக்கக் கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். கிட்டத்தட்ட ஏழு நாள். ஒரு கணக்கில் ஒரே ஒரு முயற்சிதான், அதனால் எந்தக் கணக்கும் பூட்டிக்கொள்ளவில்லை, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ஐபி முகவரியையும் மாற்றி மாற்றி வந்திருக்கிறார். சாய்கோட்டில் நீலப் புள்ளிகள் நிறையவே இருந்தன, ஒவ்வொன்றும் ஒருவருடைய வீட்டுக் கணக்கு.

அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஐந்து மாதத்துக்கு முந்தைய கோடு அது. லாக் அங்கேயே, அதே சர்வரில், அதே கோப்பில், ஐந்து மாதமாகக் கிடந்திருக்கிறது. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் 180 நாள் முடிந்து தானாக அழிந்தும் போயிருக்கும்.

இதைச் சின்ன சங்கத்தின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் எச்சிலை வாங்கி மரபணுப் பரிசோதனை செய்து தரும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023 ஏப்ரல் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை இதே கதைதான் நடந்தது. வேறு தளங்களில் கசிந்திருந்த பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் கொண்டுவந்து அங்கே போட்டுப் பார்த்தார்கள், ஏறத்தாழ 14,000 கணக்குகள் திறந்துகொண்டன, சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துக் காட்டும் வசதி வழியாக 69 லட்சம் பேரின் விவரம் வெளியே போனது. திருடியதை இணையத்தில் விற்க வந்த பிறகுதான் அக்டோபரில் விஷயம் வெடித்தது. சர்வரை உடைக்கவில்லை, மென்பொருளில் ஓட்டை தேடவில்லை, லாகின் பக்கம் வழியாகவே போய் வந்தார்கள். 2025 ஜூனில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அந்த நிறுவனத்துக்கு 23.1 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. மைக்ரோசாஃப்டிலேயே 2023 நவம்பரில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய சோதனைக் கணக்கை இப்படிக் கடவுச்சொல் போட்டுப் பார்த்துத்தான் பிடித்தார்கள், நிறுவனம் கண்டுகொண்டது 2024 ஜனவரி 12 அன்று.

பார்த்தால் பலன் உண்டு என்பதற்கு நம் ரயில்வேயே சாட்சி. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் ஐஆர்சிடிசி தளத்துக்கு வரும் லாகின் முயற்சிகளில் 50 சதவீதம் வரை ஆட்கள் செய்வதில்லை, தானியங்கி மென்பொருள் செய்வது என்று 2025 ஜூனில் ரயில்வே அமைச்சகம் சொன்னது, 2.5 கோடிக்கும் மேற்பட்ட சந்தேகக் கணக்குகளை முடக்கியதாகவும் சொன்னது. காலை 10 மணிக்கு ஃபோனை வைத்துக்கொண்டு சுற்றும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்த நம் எல்லோருக்கும் ஏதோ நடக்கிறது என்று பல வருடமாகத் தெரியும். நேரத்தையும் கணக்கையும் சேர்த்து அலசியதால்தான் அது எண்ணாக வெளியே வந்தது.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. லாக்கைப் படமாக்கிக் காட்ட கிரஃபானா, கிபானா போல இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, அதுவும் வேண்டாம் என்றால் எக்ஸெலே போதும். 24 மணி நேரத்துக்கு 24 வரிசை, நாளுக்கு ஒரு பத்தி, அந்த மணி நேரத்தில் எத்தனை லாகின் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் வெளிர் நிறமோ அடர் நிறமோ கொடுத்தால், ஞாயிறு ராத்திரி இரண்டு மணிக்கு அடர்ந்து கிடக்கும் கட்டம் தானாகக் கண்ணில் படும். தோல்வியையும் வெற்றியையும் ஒரே படத்தில் ஒன்றாகக் கூட்டிப் போடக் கூடாது, இது முக்கியம். எங்கேயோ இருக்கும் ஒரு தானியங்கி மென்பொருள் ஒரே மணி நேரத்தில் பத்தாயிரம் தடவை முட்டிவிட்டுப் போயிருக்கும், அதன் உயரத்தில் மற்றதெல்லாம் தரையோடு தரையாகிவிடும். அந்தப் பத்தாயிரத்துக்காகப் பயப்பட வேண்டியதில்லை, அதற்குப் பின்னால் வந்த ஒரே ஒரு வெற்றிக்குத்தான் பயப்பட வேண்டும். சிவப்பு, பச்சை இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள் என்றும் சொல்வேன், நிறக்குறைபாடு உள்ளவர்களில் பலருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், பார்க்க வேண்டியவர் அவராகவே இருக்கலாம்.

படம் போட்டுவிட்டு அவசரப்பட்டுக் குதிக்கவும் கூடாது, எனக்கே நடந்திருக்கிறது. ஒரு பள்ளியின் தளத்தில் தினமும் விடியற்காலை மூன்றரை மணிக்கு ஆபீஸ் கணக்குகள் ஐந்தாறு உள்ளே போவதாகப் படம் காட்டியது, பதறிப்போய் முதல்வரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். சர்வர் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். மூன்றரை என்பது காலை ஒன்பது மணி, ஆபீஸ் திறக்கும் நேரம். பாவம், அந்த கிளார்க்குகளைக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். கடிகாரங்களை அரசு நேர சர்வரோடு ஒத்துவைக்க வேண்டும் என்று செர்ட்-இன் உத்தரவில் இருப்பது சும்மா இல்லை, கடிகாரத்தைச் சரிபார்த்து, இந்திய நேரத்துக்கும் மாற்றிய பிறகுதான் படத்தைத் தொட வேண்டும். ஐபி முகவரியும் அப்படித்தான். மொபைல் நெட்வொர்க்கில் நூற்றுக்கணக்கான பேர் ஒரே முகவரியில் வெளியே வருவார்கள், தேனியில் இருப்பவர் சென்னையில் இருப்பதாகக் காட்டும். அதை மட்டும் வைத்து யாரையும் திருடன் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்று, இந்தப் படங்கள் ஊழியர்களை வேவு பார்க்கும் கருவியாகிவிடக் கூடாது. யார் எத்தனை மணிக்கு லாகின் செய்தார் என்று பார்த்துச் சம்பளம் பிடிக்க ஆரம்பித்தால் எல்லோரும் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்குவார்கள், அப்புறம் எந்தப் படம் போட்டும் பயனில்லை. லாக்கை யார் திறக்கலாம் என்பதற்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும், அவசரத்தில் பெயர் போடும் இடத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிடுகிறவர்கள் உண்டு, அது அப்படியே லாக்கில் எழுதப்பட்டுக் கிடக்கும்.

தணிக்கைக்கு வருகிறேன். அரசுத் தளங்களை வெளியிடுவதற்கு முன் செர்ட்-இன் பட்டியலில் உள்ள தணிக்கையாளரிடம் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்று தளத்தில் ஓட்டை இருக்கிறதா என்று சொல்லும், அதற்குப் பிறகு யார் வந்து போனார்கள் என்று சொல்லாது. கூட்டுறவுச் சங்கத்துக்கு வருடா வருடம் தணிக்கையாளர் வருகிறார், ரொக்கப் புத்தகம், பேரேடு, ரசீது புத்தகம் எல்லாவற்றிலும் டிக் அடிக்கிறார், எட்டு ரூபாய் இடித்தால் இரண்டு நாள் உட்காருகிறார். அதே உறுப்பினரின் கணக்கு இப்போது தளத்தில் இருக்கிறது, அதன் வாசல் பதிவேட்டை அவர் கேட்பதே இல்லை. கடந்த ஆறு மாதத்தின் லாகின் படத்தைக் காட்டுங்கள், யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டது, எந்தத் தேதியில் என்று கேட்க வேண்டும். கூட்டுறவுத் துறை இதற்கு ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும், அடுத்த மாதமே லாக்குகள் திறக்கப்படும்.

கணக்கு வைத்திருப்பவருக்கும் அவருடைய பதிவைக் காட்ட வேண்டும். கணினியில் ஜிமெயிலைத் திறந்து கீழே வலது ஓரத்தில் பாருங்கள், கடைசியாக எப்போது உங்கள் கணக்கு பயன்படுத்தப்பட்டது என்று இருக்கும், விவரம் என்பதை அழுத்தினால் பட்டியலே வரும். நம் சங்கங்கள், பல்கலைக்கழகங்கள், மின் கட்டணம், வீட்டு வரித் தளங்கள் எல்லாவற்றிலும் அதைக் கொடுக்கலாம், ஒரு நாள் வேலைகூட இல்லை.

அந்தச் சங்கத்தில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். செயலாளர் முதலில் உறுப்பினர்களிடம் சொல்ல வேண்டாம், பெயர் கெட்டுவிடும் என்றார். இரண்டு நாள் பேசி, செர்ட்-இன்னுக்குத் தகவல் அனுப்பி, எல்லாக் கடவுச்சொற்களையும் ரத்து செய்து, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் எழுதினோம். அந்த இரண்டு நாள் தாமதம் தப்பு என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். பிறகு லாகின் செய்ததும் முதலில் தெரிகிற மாதிரி, 'நீங்கள் கடைசியாக வந்தது இந்தத் தேதி, இந்த நேரம்' என்று தமிழில் ஒரு வரி சேர்த்தேன். யார் இதையெல்லாம் படிக்கப்போகிறார்கள் என்று நிர்வாகக் குழுவில் சொன்னார்கள். மூன்றாவது வாரம் ஓய்வு பெற்ற பெண் உறுப்பினர் ஒருவர் ஃபோன் செய்தார். "தம்பி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் வந்ததா போட்டிருக்கு, நான் அன்னைக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டேன், கம்ப்யூட்டரையே தொடலை, யார் வந்தது?" என்று கேட்டார். பார்த்தால் அவருடைய மகன்தான் வீட்டிலிருந்தே கடன் பாக்கியைப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, மாற்றியாயிற்று என்று எனக்கு மறுபடி ஃபோன் செய்து சொன்னார்.

இப்படிக்கு,
ஓர் இணையதளப் பராமரிப்பாளர்,
திருமங்கலம்.