கணக்கை முடக்குங்கள், கோப்புகளையாவது விடுங்கள்

எங்கள் இணையதளத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சப்போர்ட் பிரிவினருக்கும், அந்த விதிமுறைகளை எழுதியவர்களுக்கும் வணக்கம்.

என் கணக்கு ஏன் சஸ்பெண்ட் ஆனது என்று உங்களுக்கே தெரியும். டிக்கெட்டில் எல்லாம் இருக்கிறது, யாராவது படித்திருந்தால். இடம் தீரவில்லை, 'அன்லிமிடெட்' என்று சொல்லித்தானே விற்றீர்கள், அது இன்னமும் அன்லிமிடெட்தான். தீர்ந்தது ஐநோடு, அதாவது கோப்புகளின் எண்ணிக்கை. பெரிய வீடியோவும் உங்களுக்கு ஒரு கோப்பு, 'சரி' என்று ஒற்றைச் சொல்லில் வந்த மெயிலும் ஒரு கோப்பு, ஏனென்றால் உங்கள் சர்வரில் ஒவ்வொரு மெயிலும் தனிக் கோப்பாகத்தான் கிடக்கிறது. ஸ்பேமில் குவிவதும், தளத்தை வேகமாக்கும் கேஷ் பிளகின் தானாகப் போட்டுவைக்கும் துண்டு துணுக்குகளும் இதில்தான் சேரும். இந்த வரம்பைப் பற்றி விற்பனைப் பக்கத்தில் ஒரு வார்த்தை கிடையாது; விதிமுறைகளில் 'நியாயமான பயன்பாடு' என்ற தலைப்புக்குக் கீழே எங்கோ புதைத்து வைத்திருக்கிறீர்கள். போகட்டும், விதி என்றால் விதிதான்.

அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தேவையற்ற கோப்புகளை நீக்குங்கள், நீக்கியதும் கணக்கைத் திறக்கிறோம் என்று பதில் வந்தது. நீக்க வேண்டுமென்றால் உள்ளே போக வேண்டாமா? கணக்கை நிர்வகிக்கும் சிபேனலைத் திறந்தால் கணக்கு முடக்கப்பட்டுள்ளது என்கிறது, கோப்புகளை ஏற்றி இறக்கும் எஃப்டிபி கடவுச்சொல்லையே ஏற்க மறுக்கிறது. வாசலைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, வீட்டைக் கூட்டினால்தான் திறப்பேன் என்கிறீர்கள். இதைத் தெளிவாக எழுதிக் கேட்டேன். இன்னொருவர் வந்தார், பெயர்தான் புதிது, முந்தைய பதிலை அப்படியே ஒட்டிவிட்டு, கோப்புகளை நீக்குவது எப்படி என்ற உதவிக் கட்டுரைக்கு ஒரு சுட்டியும் கொடுத்தார். கட்டுரையின் முதல் வரி: 'சிபேனலில் லாகின் செய்யவும்.'

பிறகு டிக்கெட் 'தீர்க்கப்பட்டது' என்று தானாகவே மூடிக்கொண்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வியோடு!

நான் கேட்பது ஒன்றுதான். முடக்குங்கள், தளம் வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம், ஆனால் ஃபைல் மேனேஜரையோ எஃப்டிபியையோ மட்டும் கணக்கு வைத்திருப்பவருக்குத் திறந்து வையுங்கள்.

லைவ் சாட்டில் இருக்கும் அந்த ரோபோவிடமும் கேட்டுப் பார்த்தேன். தனி சர்வர் போல இயங்கும் விபிஎஸ்ஸுக்கு மாறினால் இந்தச் சிக்கலே வராது என்று யோசனை சொன்னது. பிரச்சினையைக் கேட்டால் பதில் வராது, ஆனால் விற்கிற இடத்தில் மட்டும் இரவு பகல் பாராமல் யாரோ விழித்திருக்கிறார்கள். வேறு இடத்துக்குப் போய்விடலாம் என்றாலும் பேக்கப் உள்ளே மாட்டியிருக்கிறது. டொமைனை, அதாவது தளத்தின் பெயரை, வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள ஒருவர் அதற்கான குறியீடு கேட்டால், பதிவு நிறுவனம் 5 நாட்களுக்குள் தந்தாக வேண்டும் என்று டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு விதி வைத்திருக்கிறது. டொமைன் பெயருக்காவது கேட்க ஒரு நாதி இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் நான் எழுதிச் சேர்த்தவை எல்லாம் உங்கள் தயவில் கிடக்கின்றன.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். சப்போர்ட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்த விதியைப் போடவில்லை என்று எனக்கும் தெரியும், பதிலை ஒட்டத்தான் அவர்களுக்கு அனுமதி போலிருக்கிறது. அதனால் அனுமதி கொடுக்கக்கூடியவர் யாரோ அவரிடம் இதைக் கொண்டு சேர்த்துவிடுங்கள்: முடக்கிய கணக்கிலும் கோப்புகளை எடுக்கவும் நீக்கவும் வழி வேண்டும், முடக்குவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை மெயிலும் வேண்டும்.

அதுவரைக்கும், தயவுசெய்து, என் கணக்கின் எஃப்டிபியை ஒரே ஒரு நாள் திறந்துவிடுங்கள். பேக்கப்பை எடுத்துக்கொள்கிறேன், குப்பையைக் கழித்துவிடுகிறேன். அதற்குப் பிறகும் பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பூட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் சந்தா கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாடிக்கையாளர்