கிரெயினுக்குப் பயப்படாதே, கண்ணு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். "வெளிச்சமே இல்லாத மண்டபத்துல கூட ஷட்டர் வேகம் விநாடியில ஆயிரத்துல ஒண்ணுக்குக் கீழ இறங்காதேன்னு சீனியர் சொல்றாருப்பா, படமெல்லாம் மணலை அள்ளித் தெளிச்ச மாதிரி இருக்கு, இது என்ன நியாயம்?" என்று போனில் கேட்டாய். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயமா அது? உன் பத்திரிகை சீனியர் சொல்வது முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசிக்குக் கடைசியில் வருகிறேன்.

நீ நம்ம ஸ்டூடியோவில் வளர்ந்த பிள்ளை. உனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாண வீட்டுப் படம். அங்கே வெளிச்சம் நாம் கொண்டுபோவது. தாலி கட்டுகிற கையை "அப்படியே வெச்சிருங்க தம்பி" என்று நிறுத்தலாம். ஐயரையே கொஞ்சம் பொறுக்கச் சொல்லுகிற ஆட்கள் நம்ம தொழிலில் உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்த அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதால், "இன்னொரு தடவை அழுங்க" என்று சொல்ல முடியுமா? சொன்னால் அது செய்திப்படம் இல்லை, நாடகம். திரும்ப நடக்காத ஒன்றைத் திரும்ப நடத்தவும் கூடாது என்பதுதான் இந்த வேலை. ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைக்கச் சொல்வது இதனால்தான்.

நம்ம பக்கத்து எருது விடும் விழாவையே எடுத்துக்கொள். குறித்த தூரத்தை எந்தக் காளை குறைந்த நேரத்தில் கடக்கிறதோ அதற்குத்தான் பரிசு. விநாடிக்குப் பத்து மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம். 1/60-ல், அதாவது விநாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்தால், ஷட்டர் திறந்து மூடுவதற்குள் காளை ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்துவிடும், பதினேழு சென்டிமீட்டர். கொம்பு எது, கொம்பில் கட்டிய துணி எது என்றே தெரியாது. 1/250-ல் நாலு சென்டிமீட்டர். 1/1000-ல் ஒரே ஒரு சென்டிமீட்டர். அப்போதுதான் கண்ணில் மிரட்சி தெரியும், குளம்படியில் தெறித்த மண் தனித்தனியாக நிற்கும். ஓடுகிற குதிரையின் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகிறதா என்ற சந்தேகத்தை 1878-ல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற போட்டோகிராபர் பன்னிரண்டு கேமராவை வரிசையாக வைத்துத்தான் தீர்த்தார். எழும்புகிறது. வெறுங்கண்ணுக்கு அது பிடிபடவே இல்லை.

காளை சரி, மேடையில் நின்று பேசுகிறவருக்கு எதற்கு அத்தனை வேகம் என்பாய். பேசுகிறவர் எங்கே நிற்கிறார்? கை வீசுகிறார், திரும்புகிறார், மைக்கைப் பிடுங்குகிறார், கண்ணைச் சிமிட்டுகிறார். நீயோ மேடைக்குப் பக்கத்திலேயே போக முடியாமல் 200 எம்.எம். லென்சில் இழுத்துப் பிடிக்கிறாய். லென்ஸ் நீளம் எவ்வளவோ அதற்குக் குறையாத ஷட்டர் வேண்டும் என்பது பழைய கணக்கு. 200-க்கு 1/200. அது உன் கை ஆட்டத்துக்கு மட்டும். பின்னால் நிற்கிற டிவிக்காரர் முழங்கையால் இடிப்பதை அந்தக் கணக்கு எழுதியவர் யோசித்திருக்க மாட்டார். லென்சில் ஆட்டம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்று நம்பிவிடாதே. உன் கை நடுங்குவதை அது தாங்கும், எதிரே இருப்பவர் அசைவதற்கு அது ஒன்றும் செய்யாது. பத்திரிகை டெஸ்கில் வேறு படத்தை வெட்டிப் பெரிசாக்குவார்கள். முழுப் படத்தில் தெரியாத ஷேக், அதாவது ஆட்டத்தால் வந்த மங்கல், அப்போது பளிச்சென்று தெரியும்.

இனி உன் மணல் விஷயம். லென்சின் வாயை 2.8 வரைக்கும் திறந்துவிட்டாய், அதற்கு மேல் திறக்க வழியில்லை. 1/125-லிருந்து 1/1000-க்குப் போனால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ., அதாவது கேமரா வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் அளவு, 800-லிருந்து 6400-க்கு ஏறும். கிரெயின், நீ சொல்கிற அந்த மணல், வரத்தான் செய்யும். வரட்டும். பத்திரிகைத் தாளில் படம் எப்படியும் புள்ளி புள்ளியாகத்தான் அச்சாகிறது, அதில் பாதி கரைந்துவிடும். மீதியைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் அமுக்கலாம். ஷேக் ஆன முகத்தை யாராலும் நேராக்க முடியாது. முகம் தெரியாத படத்துக்குக் கீழே யார் பெயரைப் போடுவாய்?

இப்போது அந்தக் கால்வாசி. எல்.இ.டி. விளக்குப் போட்ட மண்டபங்களில் ஆயிரம், ஆயிரம் என்று பிடிவாதம் பிடிக்காதே. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், மட்டமான விளக்குகள் விநாடிக்கு நூறு தடவை மினுக்கும். வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே இருட்டுப் பட்டை விழும், அடுத்தடுத்த படம் வேறு வேறு நிறத்தில் வரும். கேமராவில் இந்த மினுக்கலை (ஃப்ளிக்கர்) குறைக்கும் வசதி இருந்தால் போடு. இல்லையென்றால் 1/100-க்கு இறங்கி, பேசுகிறவர் ஒரு கணம் நிறுத்தும் நேரத்துக்காகக் காத்திரு. பிளாஷ் போட்டால் 1/200, 1/250-க்கு மேல் போகாதே, ஷட்டர் திரையே பாதிப் படத்தை மறைக்கும்.

ராத்திரிக் கூத்தில் வேஷக்காரர் சுழலும்போது 1/30-ல் ஒன்றிரண்டு எடு, அழகாக வரும். ஆனால் முகம் தெளிவாக இருக்கிற படம் முதலில் கார்டில் ஏறியிருக்க வேண்டும். ஒகேனக்கல்லில் வெள்ளம் வந்து பரிசலை நிறுத்தும்போது மட்டும் அந்த ஆசையே வேண்டாம். மெதுவான ஷட்டரில் அத்தனை ஆக்ரோஷமும் பால் வழிவது போல் சாந்தமாகிவிடும். காலண்டருக்கு நல்லது. ஆற்றோரம் குடியிருப்பவனுக்கு அது பொய். இதில் உன் சீனியர் வேறு மாதிரி சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

போர்க்களப் போட்டோகிராபர் காபா 1944-ல் பிரான்சின் நார்மண்டிக் கரையில், படை இறங்கும்போது எடுத்தது மங்கல்தானே என்று சண்டைக்கு வருவாய். வாஸ்தவம். குண்டுமழையில் கடலுக்குள் நின்று எடுத்தார். உனக்கு நாளைக்கு நகராட்சிக் கூட்டம்.

தைப்பூசத்துக்கு லீவு கிடைத்தால் வா. தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் பெண்களே வடம் பிடிக்கிற தேரை நீ எடுக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. தேர் நகர்வது மெதுவாக, வடம் பிடித்தவர்களின் கையும் முகமும் அப்படி இல்லை, 1/500-க்குக் குறைக்காதே. அதற்கு முன்னால் இந்த வாரம் எடுத்ததை எனக்கு அனுப்பு. பிரசுரமானது வேண்டாம், நீ கழித்துப் போட்டதையெல்லாம் அனுப்பு. எந்த ஸ்பீடில் எடுத்தாய் என்று நீ எழுத வேண்டாம், ஃபைலிலேயே இருக்கும், பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா