அண்ணாமலையைப் பெயரை வைத்துத் தேடாதே

அன்புள்ள செல்வராஜ்,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

இனி உன் தாத்தா விஷயம். 1930களில் மலாயாவில் கிராணியாக (தோட்டத்து குமாஸ்தாவாக) இருந்தார், யுத்தத்துக்கு முன்பே அங்கேயே காலமானார், பெயர் அண்ணாமலை. இதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை, சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை வைத்திருக்கும் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இணையதளத்தில் பெயரைப் போட்டால் வந்து கொட்டுகிறது, அதில் ஒன்றுகூட அவரில்லை என்று எழுதியிருந்தாய். கொட்டத்தான் செய்யும். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரும், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் வருவார். எழுத்துக்கூட்டல் கொஞ்சம் மாறினால் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களும் சேர்ந்துகொள்ளும். குடும்ப வரலாறு தேடும்போது நம் கையில் இருப்பதிலேயே பலவீனமான துருப்பு பெயர்தான். அவரைச் சுற்றி இருந்ததைத் தேடு: தேதி, தெரு, தோட்டம், கப்பல், வேலை பார்த்த கம்பெனி.

பெயர் ஏன் ஏமாற்றுகிறது என்பதைத் தெரிந்துகொள். நீ தேடுவது பத்திரிகையை அல்ல, எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) பத்திரிகைப் பக்கத்தின் படத்தைப் பார்த்து ஊகித்து எழுதிய உரையை. அந்தப் படமும் பெரும்பாலும் மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்தது. கட்டின் உள்மடிப்பில் வரிகள் வளைந்திருக்கும், பின்பக்க மை ஊறித் தெரியும். ஆங்கிலப் பத்திரிகையில் இரண்டு ‘என்’ அடுத்தடுத்து வந்தால் எழுத்துணரி அதை ‘எம்’ என்றோ ‘யுஎன்’ என்றோ படித்துவிடும். அக்காலத்து குமாஸ்தாக்களும் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள்: ஒரு ‘என்’ போட்டவர் உண்டு, இரண்டு போட்டவர் உண்டு, கடைசியில் ‘ஐ’ போட்டவர் உண்டு, ‘ஒய்’ போட்டவரும் உண்டு. பத்தி குறுகலாக இருந்தால் பெயர் இரண்டாக உடைந்து ‘அண்ணா’ ஒரு வரியிலும் ‘மலை’ அடுத்த வரியிலும் நிற்கும். ஆகவே ஒவ்வொரு கூட்டலையும் தனித்தனியாகப் போட்டுப் பார், பாதிப் பெயரையும் போட்டுப் பார். ஆனால் எப்போதும் ஆண்டு வரம்பு கொடுத்து, தோட்டத்தின் பெயரோ ஊரோ ஒன்றைச் சேர்த்தே தேடு.

தமிழ்ப் பத்திரிகையில் நிலைமை இன்னும் மோசம். 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ மாதிரியான பத்திரிகைகளில் பழைய அச்சில் ‘ணா’ ஒரே எழுத்தாகச் சுழிந்து நிற்கும், ‘லை’ மேலே தும்பிக்கை வைத்திருக்கும். தமிழ்நாட்டு அரசு 1978இல் செய்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய வடிவங்களை மட்டும் கற்ற எழுத்துணரி இவற்றில் தடுமாறும். அண்ணாமலை என்ற ஒரே பெயரில் இந்த இரண்டு பொறியும் இருக்கின்றன பார்! அதனால் தமிழில் தேடல் பெட்டியை நம்பாதே. தேதியைக் குறுக்கிக்கொண்டு பக்கம் பக்கமாகக் கண்ணால் பார். இலங்கைப் பத்திரிகைகளுக்கு ‘நூலகம்’ என்ற இணையதளம் இருக்கிறது. அங்கேயும் இதழைத் திறந்து பக்கம் புரட்டுவதுதான் வழி. மலாயாவில் கிராணிகளாகவும் ரயில்வேயிலும் இருந்தவர்களில் யாழ்ப்பாணத்தார் நிறையப் பேர் என்பதால், தாத்தாவின் சகாக்களைத் தேடும்போது அது கைகொடுக்கும்.

எந்தப் பத்திரிகை என்பதிலும் கவனம் வேண்டும். எல்லோரும் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ஸில் போய் முட்டிக்கொள்கிறார்கள். அது அன்று வெள்ளைக்காரர் வட்டத்தின் பத்திரிகை. ஆங்கிலம் படித்த ஆசியர்களுக்காக 1914இல் வந்தது ‘மலாயா டிரிபியூன்’. ஒரு தமிழ்க் கிராணியின் இடமாற்றமோ பிரிவுபசாரமோ ஹாக்கிக் குழு வெற்றியோ அதில் வரத்தான் அதிக வாய்ப்பு. பினாங்குப் பக்கம் என்றால் ‘பினாங் கெசட்’, ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ இரண்டையும் விடாதே.

ஊர்ப்பெயரை அந்தக் காலத்துப் பெயரிலேயே கொடு. கிள்ளான் துறைமுகம் அன்று போர்ட் சுவெட்டன்ஹாம், தெலுக் இந்தான் அன்று தெலுக் ஆன்சன். தோட்டத்துக்குத் தொழிலாளர்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்றாகவும் கம்பெனி வைத்த பெயர் வேறாகவும் இருப்பது சகஜம். வீட்டில் சொல்லும் பெயர் எங்குமே கிடைக்காவிட்டால், பழைய கடித உறையில் உள்ள தபால் நிலையத்தைப் பிடித்து, அந்தப் பகுதித் தோட்டங்களைத் தேடு. கப்பலில் வந்தவர் பெயர் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதே. பத்திரிகையில் வந்தது கேபின் பயணிகளின் பட்டியல்தான், அறை இல்லாமல் கப்பல் தளத்தில் வந்த டெக் பயணிகளின் பெயரை யாரும் அச்சிடவில்லை. ஆனால் ‘ரஜூலா’ கப்பல் எந்த நாளில் துறைமுகம் சேர்ந்தது என்பது கப்பல் பத்தியில் இருக்கும். “பொங்கல் கழித்து ரஜூலாவில் போனார்” என்று பாட்டி சொன்னது நிஜமானால், அதை வைத்தே தேதியை நெருங்கிவிடலாம்.

மரணச் செய்திதான் உனக்கு முக்கியம், அதனால் அதை விரிவாக எழுதுகிறேன். இறந்த தேதி தெரிந்தால் மறுநாளிலிருந்து பத்து நாள் இதழ்களைப் பார். அதோடு நிறுத்தாதே. இரண்டு முதல் நான்கு வாரத்தில் நன்றி அறிவிப்பு வரலாம். மலர்வளையம் அனுப்பியவர்கள், கூட இருந்த உறவினர்கள் பெயர் அதில்தான் கிடைக்கும். சில மாதம் கழித்து, சொத்து இருந்தால், கடன்காரர்கள் உரிமை கோரும்படி வக்கீல் அறிவிப்பு வரும். அதில் முகவரியும் தொழிலும் சேர்த்துப் போடுவார்கள். பொடி எழுத்து என்பதால் எழுத்துணரி அங்கே அதிகம் சொதப்பும், கண்ணால்தான் பார்க்க வேண்டும். முதலாண்டு நினைவஞ்சலி திதி பார்த்து வருவது. ஆங்கிலத் தேதிக்குச் சுமார் 11 நாள் முன்னால் விழும், இடையில் ‘அதிக மாதம்’ என்று பஞ்சாங்கத்தில் சேர்க்கும் கூடுதல் மாதம் வந்திருந்தால் 19 நாள் வரை பின்னால் போகும். தமிழ் அறிவிப்பில் “யுவ வருடம் ஆவணி” என்று மட்டும் இருந்தால், அது 1935. அதே யுவ 1995இலும் வந்தது, ஆகவே கத்தரித்து ஒட்டிய துண்டுத் தாளாக இருந்தால் காகிதத்தையும் அச்சையும் பார்த்து முடிவு செய்.

நாள்நாளாகப் பார்க்க ஒரு சுருக்கு வழி உண்டு. நியூஸ்பேப்பர்எஸ்ஜியில் ஓர் இதழைத் திறந்தால் முகவரியின் கடைசியில் பத்திரிகைப் பெயரோடு 19350706 என்பது மாதிரி எட்டு இலக்கம் ஒட்டியிருக்கும்: ஆண்டு, மாதம், நாள். அதை மாற்றினாலே அடுத்த இதழுக்குப் போய்விடலாம். சில இதழ்களை சிங்கப்பூர் நூலகக் கணினியில்தான் படிக்க முடியும் என்று வரும். அவற்றைத் தனிப் பட்டியலாகக் குறித்து வை, அங்கே இருக்கும் மருமகனிடம் கொடுக்கலாம்.

ஏதாவது கிடைத்தால் துண்டை மட்டும் சேமிக்காதே. முழுப் பக்கத்தையும் சேமி, கோப்புப் பெயரை ஆண்டு-மாதம்-நாள், பத்திரிகை, பக்கம் என்ற வரிசையில் வை. கிடைக்காத தேடலையும் எழுதி வை: என்ன சொல், எந்தப் பத்திரிகை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை. புது இதழ்கள் சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒரு வருடம் கழித்து அதே தேடலைத் திரும்பச் செய்வது வீண் வேலை ஆகாது. அப்புறம், பெயர் ஒத்துப்போனது என்பதற்காக யாரையும் தாத்தாவாக்கிவிடாதே, குறிப்பாக நீதிமன்றச் செய்தியில். தொழில், இடம், தகப்பனார் பெயர் இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்.

அவருடைய போட்டோ ஒன்று இருப்பதாகச் சொன்னாயே, அதன் பின்பக்கத்தையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து அனுப்பு. ஸ்டுடியோ முத்திரை இருந்தால் பத்திரிகை விளம்பரங்களில் அந்த ஸ்டுடியோ எந்தத் தெருவில் எந்த ஆண்டுகளில் இருந்தது என்று பார்த்துவிடலாம். கூடவே, பழைய மணியார்டர் ரசீது ஏதாவது பெட்டியில் கிடக்கிறதா என்று அத்தையிடம் கேள்.

அன்புடன்,
ராமநாதன்